புகையில்லா எரிகலம்

சொர்ணவல்லி பஸ்ஸில் ஏறினால் பக்கத்து இருக்கையில் யாரும் உட்கார மாட்டார்கள். அன்னவாசலிலிருந்து சாயங்காலம் புதுக்கோட்டைக்குப் போகும் வண்டியில் கூட்டம் பிதுங்கினாலும் அவள் பக்கத்தில் ஓரிடம் காலியாகவே கிடக்கும். புதிதாக வந்த கண்டக்டர் ஒருவன் ஒருநாள் மூக்கைச் சுளித்துக்கொண்டு கேட்டான்.

"ஏங்கம்மா, மண்ணெண்ணெய் டின்னு ஏதும் பைக்குள்ள வச்சிருக்கீங்களா? பஸ்ஸுல ஏத்தக்கூடாதுங்க."

"டின்னு எதுவும் இல்லைங்க. நாந்தான்," என்றாள் அவள்.

முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நாற்றத்தை அவளைவிட வெறுத்தவர்கள் அந்த வண்டியில் இல்லை. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு மூக்கு கூர்மை. பக்கத்து வீட்டில் பால் திரிந்தால் இங்கே குமட்டும். அப்படிப்பட்டவளுக்குச் சோறு பிசையும் விரலில் மண்ணெண்ணெய், தலையணையில் மண்ணெண்ணெய், காறித் துப்பினால் எச்சிலில் கறுப்பு. அம்மா காமாட்சி அவள் சேலையைத் தனி வாளியில் ஊறவைப்பாள். "ஒனக்கு டீச்சர் வேலை கெடைக்காமலா போச்சு? பிசிக்ஸ் படிச்ச பிள்ளை, அடுப்புக்கரி அள்ளுறவ மாதிரி வந்து நிக்கிறியே," என்று தினமும் ஒருமுறை சொல்லாமல் விடமாட்டாள்.

அது அறுபத்திரண்டாம் வருஷம். அன்னவாசலைத் தாண்டி, வீடு வாசல் இல்லாத பொட்டலில், கல் உடைத்துக் கைவிட்ட பழைய பள்ளத்துக்குள் எரிதல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. பேர்தான் பெரிது. தகரக் கூரை போட்ட நீளக் கொட்டகை, ஒரு கம்ப்ரசர் அறை, லாரியளவு பருத்த இரண்டு காற்றுத் தொட்டிகள், ஒரு வேப்பமரம், அவ்வளவுதான். சோதனை நேரத்துச் சத்தத்தை ஊருக்குள் வைத்துத் தாங்க முடியாது. ஏதாவது வெடித்தாலும் மூன்று பக்கமும் பாறை இருக்கிறது என்று அந்த இடத்தைப் பிடித்திருந்தார்கள்.

கேஸ் டர்பைன் என்ற எந்திரத்துக்கு வயிறு மாதிரி ஒரு பாகம் உண்டு. எரிகலம் என்று பேர். நெருக்கி அடைத்த காற்று அதற்குள் பாயும், தெளிப்பான் மண்ணெண்ணெயைத் தூறலாகத் தெளிக்கும், தீ நிற்காமல் எரியும். அந்தச் சூட்டில் சீறிக்கொண்டு வெளியேறும் காற்றுதான் விமானத்தைத் தள்ளும். மின்சாரம் எடுக்கும் சக்கரத்தைச் சுற்றவைக்கும். சாதாரணக் காற்றில் எரியும் தீயின் குணம் எல்லோருக்கும் தெரிந்தது. அந்தக் காற்றைப் பத்து மடங்கு, பன்னிரண்டு மடங்கு அழுத்தினால் தீ என்ன செய்யும் என்று பார்ப்பதுதான் அங்கே வேலை. கனத்த இரும்புக் கூட்டுக்குள் மெல்லிய தகட்டு எரிகலத்தை வைத்து, பக்கத்தில் தடித்த படிகக் கண்ணாடி ஜன்னல் ஒன்று பொருத்தியிருந்தார்கள். காங்கிரீட் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, சாய்த்து வைத்த ஒரு நிலைக்கண்ணாடி வழியாக அந்த ஜன்னலைப் பார்த்து, சுடரின் நிறம், நீளம், அது எங்கே பிடித்து நிற்கிறது, எப்போது அணைகிறது என்றெல்லாம் கவனித்துப் படம் எடுப்பது சொர்ணவல்லியின் பொறுப்பு.

நாற்றத்தைச் சகித்துக்கொண்டு அவள் அங்கே கிடந்ததற்கு அந்த ஜன்னல்தான் காரணம். சாதாரண அழுத்தத்தில் சுடர் நீண்டு, நீலமாக, மெதுவாக அசையும். காற்று வெளியேறும் வால்வை இறுக்க இறுக்க உள்ளே அழுத்தம் ஏறும். ஏற ஏறச் சுடர் குட்டையாகும், பின்வாங்கும், நிறம் மாறும். இதற்கு முன் இந்த ஊரில் யாரும் பார்த்திராத ஒன்றைப் பார்க்கிறோம் என்ற நினைப்பில் அவளுக்கு மூச்சு வாங்கும்.

நிலையத்தின் டைரக்டர் ஏகாம்பரம். அந்தப் பொட்டலில் அவ்வளவையும் நிறுத்தியது அவர்தான் என்பதைச் சொல்லியாக வேண்டும். யுத்தத்தில் மிச்சமான கம்ப்ரசரை எங்கிருந்தோ பேசி வாங்கினார்; மின்சாரக் கம்பியை இழுத்துக்கொண்டு வந்தார்; பெண்பிள்ளையை வேலைக்கு எடுக்கலாமா என்று மேலே இழுத்தடித்தபோது சொர்ணவல்லிக்காக வாதாடியதும் அவர்தான். பேச ஆரம்பித்தால் கல்லும் தலையாட்டும். ஆனால் ஓயாமல் வெற்றிலை, புகையிலை. தீப்பிடித்தால் கொட்டுவதற்காகக் கொட்டகைக்குள் வரிசையாகத் தொங்கும் மணல் வாளிகளில்தான் துப்புவார். வெயில் ஏறினால் அந்தச் சிவப்பு மணலிலிருந்து ஒரு வாடை கிளம்பும். சொர்ணவல்லி அந்தப் பக்கம் போகும்போது முந்தானையால் மூக்கை மூடிக்கொள்வாள். ஒருமுறை கேட்டும் பார்த்தாள்.

"சார், தீ வாளி அது. அவசரத்துக்குக் கையை விட்டு அள்ளணும்."

"தீப்பிடிச்சா எச்சிலும் தண்ணிதானேம்மா," என்று சொல்லிவிட்டு அவர் சிரித்தார். பற்களின் இடுக்கெல்லாம் சிவப்பு.

அந்த வருஷக் கடைசியில் அவள் ஒன்றைக் கண்டுபிடித்தாள். எட்டு மடங்கு அழுத்தம் வரை சுடர் ஒழுங்காக இருந்தது. அதற்கு மேல் போனால் மஞ்சளாகி, பிறகு வெள்ளை மஞ்சளாகி, புகைக்கரியைக் கக்கியது. தெளிப்பான் வாய்க்கே பின்வாங்கி ஒட்டிக்கொண்டு அதைச் சுட்டது. அந்த மஞ்சள் வெளிச்சத்தின் சூடு தகட்டில் நேரே விழுந்து, தகடு செக்கச் செவேலென்று பழுத்தது. திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். மாற்றமில்லை. படங்களைக் கழுவி எடுத்துக்கொண்டு டைரக்டரிடம் போனாள்.

அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒரு படத்தின் ஓரத்தில் அவர் விரல் சுண்ணாம்பு ஒட்டியது.

"ஏம்மா சொர்ணம், இது நமக்கு ஆகாதே. நம்ம எரிகலம் பன்னெண்டு மடங்குலயும் புகையில்லாம எரியுதுன்னு நான் மேல சொல்லிட்டேன்."

"எப்ப சார் சொன்னீங்க? நாம இன்னும் பன்னெண்டே ஓட்டலையே."

"ஓட்டாட்டா என்ன? கணக்குப் போட்டா அப்படித்தானே வரணும்? தீயும் காத்தும் நம்ம சொல்றபடி கேக்கும். நீ தெளிப்பானைச் சரியாத் தொடச்சிருக்க மாட்ட."

"தொடச்சேன் சார். மூணு தெளிப்பான் மாத்திப் பாத்தேன். இது தெளிப்பான் கோளாறு இல்லை. அழுத்தம் ஏறினா இந்தத் தீ இப்படித்தான் நடந்துக்குது. இதைச் சொன்னாலே பெரிய விஷயம் சார்."

"மஞ்சத் தீயைக் காட்டினா எவன்ம்மா மாலை போடுவான்? அது வீட்டு அடுப்புலயே எரியுதே," என்றார் அவர். படங்களைத் திருப்பிக் கொடுக்கும்போது ஆதரவாக அவள் தோளில் தட்டினார். வீட்டுக்குப் போய் அந்தத் தோளை இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

மாசி மாதம் டெல்லியிலிருந்து ஒரு குழு வந்தது. கொட்டகைக்கு வெள்ளையடித்து, வாசலில் வாழை கட்டி, வேப்பமரத்தடியில் மேசை போட்டிருந்தார்கள். கம்ப்ரசரையும் வால்வுகளையும் ஓட்டுபவர் ஷேக் பரீது. கோட்டைப்பட்டினத்துக்காரர், முன்பு கப்பலில் எஞ்சின் பார்த்தவர். அன்று அவர் யார் முகத்தையும் பார்க்காமல் வால்வுச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தீ பற்றியது. பரீது சக்கரத்தைத் திருப்பினார். சுவரிலிருந்த பெரிய அழுத்தமானியின் முள் நான்கு, ஆறு, எட்டு என்று ஏறிப் பன்னிரண்டில் வந்து நின்றது. சொர்ணவல்லி கண்ணாடியைப் பார்த்தாள். சுடர் நீலமாக, நீளமாக, அழகாக ஆடிக்கொண்டிருந்தது.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. தன் மாதங்கணக்கான வேலை அத்தனையும் தப்போ என்று ஒரு நொடி நினைத்தாள். பிறகுதான் காது சொன்னது. எட்டு மடங்கில் தகரக் கூரையே அதிரும், பேச்சுக் கேட்காது. இப்போதோ ஏகாம்பரம் சாதாரணக் குரலில் பேசுவது அட்சரம் பிசகாமல் கேட்டது. "ஜென்டில்மென், பன்னிரண்டு மடங்கு. புகை எங்கே? தேடிப் பாருங்கள்." அழுத்தமானிக்குப் போகும் சன்னக் குழாயைக் கண்ணால் தொடர்ந்தாள். அது எரிகலத்துக்குப் போகவில்லை. சுவரை ஒட்டி வளைந்து, காற்றுத் தொட்டிக்குப் போயிருந்தது. முள் காட்டியது தொட்டியின் அழுத்தம். தீ இருந்த இடத்தில் இரண்டு மடங்குகூட இருக்காது.

எல்லோரும் கைதட்டினார்கள். குழுவில் வெள்ளைச்சாமி என்று ஒருவர். ரயில்வேயில் பெரிய என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர், மதுரைப் பக்கத்துக்காரர். அவர் மட்டும் கைதட்டாமல் அவளிடம் வந்தார்.

"தினமும் பாக்குறது நீங்கதானாம்மா? எப்பவும் இப்படித்தான் எரியுதா?"

ஏகாம்பரம் பக்கத்தில் வந்து நின்றார். புகையிலை மூச்சு அவள் கழுத்தில் பட்டது. "அதுதான் நம்ம பொண்ணு சார். இந்தத் தீயைப் பெத்தவளே அதுதான்," என்றார்.

சொர்ணவல்லி தலையை ஆட்டினாள். ஆமாம் என்று வாயால்கூடச் சொல்லவில்லை, வெறும் தலையாட்டல். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். யாரோ அவள் கையில் ஒரு லட்டைத் திணித்தார்கள். நெய் விரலிடுக்கில் வழிந்தது. கம்ப்ரசர் அறைக்குப் பின்னால் ஓடிப்போய், குடல் புரண்டு வரும் வரை வாந்தி எடுத்தாள். ஏகாம்பரத்தின் வாயைப் பார்த்துக் குமட்டியதெல்லாம் இதற்கு முன் ஒன்றுமில்லை. இப்போது குமட்டியது தன் தலையை நினைத்து, அது ஆடியதை நினைத்து.

வாயைக் கொப்பளித்துவிட்டு நிமிர்ந்தபோது பரீது தண்ணீர்ச் செம்போடு நின்றார்.

"கொழாயை மாத்துனது நீங்கதானே பாய்?"

"சொன்னாக, செஞ்சேன்ம்மா. மாட்டேன்னா வேற ஆளு செய்வான், எனக்குப் பொழப்புப் போயிரும்." செம்பை அவளிடம் கொடுத்துவிட்டுத் தன் கைகளை வேட்டியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "கப்பல்ல மலம் அள்ளியிருக்கேன், இப்படிக் கூசலை."

பிறகு நடந்தது வேகமாக நடந்தது. புகையில்லா எரிகலம் என்று பத்திரிகையில் வந்தது. அவள் தலையாட்டிக்கொண்டு நிற்கும் படமும் கூடவே இருந்தது. வடக்கே ஒரு தொழிற்சாலையில் இதே வரைபடத்தை வைத்து எஞ்சின் செய்யப் போவதாகப் பேச்சு அடிபட்டது. அந்த எஞ்சினில் உண்மையாகவே பன்னிரண்டு மடங்கு அழுத்தம் இருக்கும். தகடு பழுத்து, ஓட்டையாகி, உடைந்த துண்டுகள் சுழலும் சக்கரத்துக்குள் பாயும். பக்கத்தில் ஆள் நிற்பான். இதை அவள் நினைக்கும்போதெல்லாம் அந்த ஆளுக்கு ஒரு முகம் வந்துகொண்டே இருந்தது.

ஏகாம்பரத்திடம் நேராகவே போய்ச் சொன்னாள். "சார், அந்தத் தொழிற்சாலைக்காரங்க கிட்டயாவது உண்மையைச் சொல்லிருவோம்."

"எல்லாத்தையும் அவங்க ஓட்டிப் பாக்காமலா போவாங்க? அங்க புகைஞ்சா அது அவங்க தகடு, அவங்க எண்ணெய். நம்ம பேரு எதுக்கு வருது?" வாளியில் துப்பிவிட்டு அவர் குரலைத் தாழ்த்தினார். "இந்த நெலையம் நாலு வருஷம் நிக்கணும்னா இப்ப ஒரு நீலத் தீ வேணும் சொர்ணம். அப்புறம் நீ எவ்வளவு உண்மை வேணும்னாலும் கண்டுபிடி. யாரு தடுத்தா?"

அதுதான் அவளை அதிகம் அருவருக்க வைத்தது. அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது.

சித்திரை வெயிலில் வெள்ளைச்சாமி மறுபடி வந்தார், தனியாக. குழுவின் அறிக்கையில் கையெழுத்துப் போடுமுன் இன்னொரு தரம் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்றார். ஏகாம்பரம் உற்சாகமாகிவிட்டார். மரத்தடியில் தலைவாழை இலை போட்டு விருந்துக்குச் சொல்லி அனுப்பினார். வெளுத்த சட்டை, மடிப்புக் கலையாத அங்கவஸ்திரம் என்று மாப்பிள்ளை மாதிரி வந்து நின்றார்.

அன்று காலையில் ஏகாம்பரம் வருமுன்பே சொர்ணவல்லி வந்துவிட்டாள். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு நேரே பரீதிடம் போனாள்.

"கொழாயை இருந்த எடத்துக்கே மாத்தப் போறேன் பாய். இரும்புக் கூடு இருபது மடங்கு தாங்கும், சோதிச்சது நம்ம ரெண்டு பேருந்தான். கெட்டா உள்ள இருக்க தகடுதான் கெடும். எல்லாரும் சுவத்துக்கு இந்தப் பக்கம் நிப்போம். நீங்க வால்வை இறுக்கணும், முள்ளு பன்னெண்டு காட்டுற வரைக்கும். அவ்வளவுதான் ஒங்களுக்குச் சொல்லியிருக்கு."

பரீது தாடியை நீவினார். "எனக்கு என்ன சொல்லியிருக்காகளோ அதைத்தான் நான் செய்றேன்," என்றார் கடைசியில். பிறகு, "இங்கிட்டுக் குடுங்கம்மா, அந்த மரை இறுகிக் கெடக்கும், ஒங்க கைக்கு வராது," என்று ஸ்பேனரை வாங்கிக்கொண்டார்.

பதினோரு மணிக்குத் தீ பற்றவைத்தார்கள். ஏகாம்பரம் கையை விரித்து விளக்கிக்கொண்டிருந்தார். முள் ஐந்தைத் தாண்டும்போது தகரம் லேசாக முனகியது. எட்டில் அவர் பேச்சுக் கேட்கவில்லை. வாய் மட்டும் அசைந்தது. அவர் கூரையைப் பார்த்தார், பரீதைப் பார்த்தார். பரீது முள்ளைப் பார்த்துக்கொண்டு சக்கரத்தைத் திருப்பினார். கண்ணாடியில் நீலம் செத்து, சுடர் மஞ்சளாகத் திரண்டு, பின்வாங்கி, ஒரு குட்டை வெள்ளைக் கட்டியாகத் தெளிப்பான் வாயில் ஒட்டிக்கொண்டது. பத்தில் தகடு சிவந்தது. "நிப்பாட்டு, நிப்பாட்டு!" என்று ஏகாம்பரம் கையைக் காட்டினார். முள் பன்னிரண்டைத் தொட்ட கணத்தில் தகட்டின் ஓரம் மெழுகு மாதிரி தொங்கி விழுந்தது. படிக ஜன்னல் கரி மூடி இருண்டது. சொர்ணவல்லி கையை உயர்த்தினாள். பரீது எண்ணெயை அடைத்தார்.

சத்தம் அடங்கியபின் எல்லோரும் வெளியே வந்தார்கள். புகைபோக்கியிலிருந்து கிளம்பிய கறுப்பு மேகம் பள்ளத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு இறங்கத் தொடங்கியது. எண்ணெய்ப் பிசுக்கான கரித்துணுக்குகள் சோற்றின் மேல், அவியலின் மேல், பாயசத்தின் மேல் ஈ மொய்ப்பதுபோல வந்து உட்கார்ந்தன. ஏகாம்பரத்தின் அங்கவஸ்திரத்தில் விழுந்ததை அவர் தட்டப்போக, அது நீளமாக இழுவிக்கொண்டது. முகத்தைத் துடைத்தார். வெற்றிலைச் சாறும் கரியும் கலந்து தாடை வரை வழிந்தது.

"எண்ணெய்ல கலப்படம் சார்," என்றார். "இல்லைன்னா தெளிப்பான். பொம்பளைப் புள்ளையை நம்பி ஒப்படைச்சா இப்படித்தான் ஆகும்."

வெள்ளைச்சாமி சொர்ணவல்லியைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா."

இந்த முறை அவள் வாயைத் திறந்தாள். "எண்ணெய் சரியான எண்ணெய் சார். இதுதான் பன்னெண்டு மடங்குல இந்தத் தீயோட குணம். எட்டுக்கு மேலே எப்பவும் இப்படித்தான். அன்னைக்கு நீங்க பாத்தது ரெண்டு மடங்கு. அழுத்தமானி தொட்டியில கோத்திருந்துச்சு. நீங்க கேட்டப்ப நான் தலையாட்டினது பொய்."

வெள்ளைச்சாமி மேலும் கேட்டார். எட்டில் என்ன, ஒன்பதில் என்ன, தகடு எங்கே முதலில் சிவக்கிறது, தெளிப்பானுக்குப் பக்கத்தில் அதிகக் காற்று விட்டால் என்ன ஆகும் என்று நின்றபடியே கேட்டுக்கொண்டு போனார். அவள் தெரிந்ததைச் சொன்னாள். தெரியாததைத் தெரியாது என்றாள். சாப்பிடாமலே அவர் கிளம்பினார். வடக்கே அந்த வரைபடப்படி எஞ்சின் செய்வது நிறுத்தப்பட்டதாக அடுத்த மாதம் தெரிந்தது.

ஏகாம்பரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. விசாரணை என்று யாரும் வரவில்லை. குழுவுக்கும் தாங்கள் ஏமாந்த கதையை வெளியே சொல்ல இஷ்டமில்லை. இரண்டு மாதம் அவர் அவளோடு பேசவில்லை. மூன்றாம் மாதம் பெரிய ஊர் ஒன்றில் நடந்த மாநாட்டுக்குப் போனார். உயர் அழுத்தத்தில் சுடர் புகைவதன் எல்லையைத் தாம் கண்டறிந்ததாக அங்கே பேசினார். திரையில் காட்டியதெல்லாம் அவள் எடுத்த மஞ்சள் சுடர்கள். மாலை போட்டார்கள். அடுத்த தையில் பதவி உயர்ந்து டெல்லிக்கே போய்விட்டார். கண்டுபிடித்தவள் பேர் எங்கேயும் வரவில்லை. காமாட்சி இதைக் கேட்டுவிட்டு, "சீ, இப்படியும் ஒரு பொறப்பா?" என்று மட்டும் சொன்னாள், அதன்பின் டீச்சர் வேலைப் பேச்சை எடுக்கவில்லை.

புது டைரக்டர் வந்தார். அவர் உண்டு, அவர் கோப்பு உண்டு என்று இருப்பவர். தொந்தரவு செய்யவில்லை. சொர்ணவல்லியும் பரீதும் தெளிப்பானைச் சுற்றிப் புதுத் துளைகள் போட்டு, காற்றை அங்கே அதிகமாக விட்டுப் பார்த்தார்கள். முதலில் தீ அணைந்து அணைந்து போயிற்று. துளையின் அளவையும் சாய்வையும் மாற்றி மாற்றி, அறுபத்தாறில் பத்து மடங்கு அழுத்தத்தில் ஜன்னல் கறுக்காமல் ஒரு சுடர் நின்றது. நீலமில்லை. வெளிறிய நிறம், ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள். ஆனால் தகடு சிவக்கவில்லை.

அதைப் பார்க்க ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு வந்தவர் ஏகாம்பரம். தலை நரைத்திருந்தது; வெற்றிலையை டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டாராம். "சொர்ணம், நல்லா இருக்கியாம்மா?" என்று உண்மையான பிரியத்தோடு கேட்டார். "இவங்களுக்கு ஆதியிலேருந்து கொஞ்சம் சொல்லு. எட்டு மடங்குல என்ன ஆகுதுன்னு."

"நீங்கதானே சார் மாநாட்டுல பேசினீங்க. நீங்களே சொல்லுங்க," என்றாள்.

அவர் கொஞ்சமும் தயங்கவில்லை. எட்டு மடங்குக்கு மேல் சுடர் பின்வாங்குவதையும், மஞ்சள் வெளிச்சத்தின் சூடு தகட்டைத் தாக்குவதையும், தாம் மூன்று தெளிப்பான் மாற்றிப் பார்த்ததையும் சொன்னார். மேலே இருந்தவர்கள் நீலத் தீ கேட்டு நெருக்கியபோதும் உண்மையை விட்டுக்கொடுக்காமல் நின்றதையும் சொன்னார். சொர்ணவல்லி அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் கள்ளம் இல்லை. அவர் அதை நம்பினார். என்றைக்கோ, எந்த மேடையிலோ, அது அவருக்கு நிஜமாகவே நடந்ததாகிவிட்டிருந்தது.

பொய் சொல்கிறார் என்றால் கோபப்படலாம். இதற்கு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. கூட்டத்தில் ஒருவர் அவளிடம் திரும்பி, "இவர்கிட்ட வேலை பாத்தது ஒங்க பாக்கியம்," என்றார்.

"பதினோரு மடங்கு இன்னும் ஓட்டலை," என்றாள் அவள். "இப்ப ஓட்டப் போறோம். சத்தம் பெருசா இருக்கும். எல்லாரும் வெளிய போய் நில்லுங்க."

ஏகாம்பரம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள் கம்ப்ரசர் அறைப் பக்கம் திரும்பி, பரீதைக் கூப்பிட்டுவிட்டாள்.